காணப்படுதலும் மதிக்கப்படுதலும்

நுழையும்முன்

பிறரால் மதிக்கப்பட வேண்டும் என்னும் விருப்பம் மனிதர் அனைவருக்கும் இயல்பானது. அதை நிறைவேற்றிக்கொள்ளும் வழிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. பிறர் கவனத்தைப் பெறுவதே ஒருவகைச் செல்வமாகக் கருதப்படும் இக்காலத்தில், அச்செல்வம் எவ்வாறு உருவாகிறது, யாரிடம் சேர்கிறது, எதனால் நிலைக்கிறது என்பனவற்றைப் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் ஒன்றை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ளது ஆரணி. அந்நகரிலும் சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் முதலிய சுற்றுவட்டார ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யப்படுகிறது. கர்நாடகத்திலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து சரிகையும் வந்து சேர்கின்றன. பாவு பூட்டப்பட்டு, மிதியடியும் நாடாவும் ஓயாது இயங்க, பல நாள் உழைப்பில் ஒரு புடவை உருப்பெறுகிறது. அப்புடவை பிறர் காண்பதற்கென்றே நெய்யப்படுவது. திருமண மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோரின் கண்கள் அதன் கரையிலும் முந்தானையிலும் பதிகின்றன. உடுத்தியவர் காணப்படுகிறார்; வாங்கித் தந்தவர் பேசப்படுகிறார்; விற்ற கடையின் பெயரும் விசாரிக்கப்படுகிறது. நெய்தவரைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

பிறர் பெருமையுடன் தோன்றுவதற்கான பொருளை ஆக்கித் தந்து, தாம் வெளியில் தெரியாமலே வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று திறன்பேசியைக் கையில் வைத்திருக்கிறார்கள். தம் முகமும் குரலும் ஊரைத் தாண்டிச் செல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவ்வாய்ப்பை அவர்கள் ஆவலுடன் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. ஆயினும், பிறர் கண்ணில் படுவதும் பிறரால் மதிக்கப்படுவதும் ஒன்றுதானா என்னும் வினாவை இளையோர் சமூகம் எதிர்கொண்டே ஆக வேண்டியுள்ளது.

மூலதனத்தின் மற்றொரு வடிவம்

மூலதனம் என்றவுடன் பணமும் நிலமும் ஆலையும் நினைவுக்கு வரும். பிரெஞ்சு நாட்டுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ (1930–2002), பணத்தைப் போலவே சேர்த்து வைக்கவும், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும், வேறு நன்மைகளாக மாற்றிக்கொள்ளவும் இயலும் வேறு சில செல்வங்கள் உண்டு என விளக்கினார். பேசும் முறை, பழகும் பாங்கு, கலைகளைச் சுவைக்கும் திறன், கல்விச் சான்றிதழ் ஆகியவற்றைப் பண்பாட்டு மூலதனம் என அவர் அழைத்தார்.

இக்கருத்தைத் தறிக்கூடத்தில் வைத்தே புரிந்துகொள்ளலாம். தாயும் தந்தையும் நெய்வதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, இழையின் இறுக்கத்தை விரல் நுனியால் உணரும் அறிவு தானே வந்து சேர்கிறது. இது உடலில் படிந்த செல்வம். வீட்டிலுள்ள தறியும் அச்சும் பொருள்வடிவில் நிற்கும் செல்வம். நெசவுத் தொழில்நுட்பம் பயின்று பெறும் பட்டயம் நிறுவனம் வழங்கும் செல்வம். ஆயினும் இம்மூன்றும் எல்லா இடங்களிலும் ஒரே விலை பெறுவதில்லை. விரல் நுனியில் உள்ள அறிவைவிடத் தாளில் உள்ள பட்டத்தையே உலகம் உயர்வாகக் கருதுகிறது. எது செல்வம் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் பிறர் கண்களிடம் உள்ளது. பிறர் ஒப்புக்கொள்வதனால் உண்டாகும் இம்மதிப்பைப் பூர்தியூ குறியீட்டு மூலதனம் என்றார்.

பிறர் கவனமே ஒரு செல்வமாக மாறியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. செய்திகள் பெருகப் பெருக, அவற்றைக் கவனிப்பதற்கான நேரமும் மனமும் அரிதாகிவிடும் என்பதை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். அரிதான பொருளுக்கு விலை ஏறுவது சந்தையின் இயல்பு. மனிதரின் கவனமும் அவ்வாறே விலைபோகும் பொருளாயிற்று. ஒருவர் திரையை எத்தனை நொடி பார்க்கிறார் என்பதை அளந்து, அந்நொடிகளை விளம்பரதாரருக்கு விற்று வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் உருவாயின. இளைஞர் பெற விரும்பும் கவனமும் நிறுவனங்கள் விற்கும் கவனமும் ஒரே ஊற்றிலிருந்து எடுக்கப்படுபவையே.

நடுகல் முதல் பதாகை வரை

வெளியில் தெரிய வேண்டும் என்னும் வேட்கை திறன்பேசியுடன் பிறந்ததன்று. ஆரணி அமைந்துள்ள அதே மாவட்டத்தில்தான் செங்கம் நடுகற்கள் கிடைத்துள்ளன. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர்நீத்த வீரர்களின் உருவத்தையும் பெயரையும் செயலையும் அக்கற்கள் தாங்கி நிற்கின்றன. தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையை ஆறு படிநிலைகளாக வகுக்கிறது. அவற்றுள் முதலாவதற்குக் காட்சி என்று பெயர், இறுதியாவது வாழ்த்து. ஒருவர் கல்லில் காட்சியாவதற்கு முன் செயல் ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும். அச்செயலால் பயன்பெற்ற ஊர் ஒன்று இருக்க வேண்டும். அவ்வூரே கல்லெடுக்க வேண்டும். தமக்குத் தாமே நடுகல் எடுத்துக்கொண்டவர் எவரும் இலர்.

தெரிந்து தெளிவோம்
செங்கம் பகுதியில் கிடைத்த நடுகல் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நூலாக வெளியிட்டுள்ளது. அவற்றுள் ஒன்று எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுடன் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு கூறுகிறது.

வெளித்தெரிதல் குறித்து ஓர் அச்சமும் தமிழர் வாழ்வில் உடனிருந்தது. பலர் பார்வை படுவது தீங்கு தரும் என நம்பி, குழந்தையின் கன்னத்தில் கரும்பொட்டு இட்டனர். புதுமனை வாயிலில் பூசணிக்காயைத் தொங்கவிட்டனர். மணமக்களுக்குக் கண்ணேறு கழித்தனர். அந்நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை. எனினும், தேவைக்கு மேல் காட்டிக்கொள்வது தகாது என்னும் சமூக ஒழுங்கு அதனுள் அடங்கியிருந்தது. கண்பட்டுவிடுமோ என்று அஞ்சிய வீடுகளில்தான் இன்று யார் கண்ணிலும் படவில்லையே என்னும் ஏக்கம் குடியேறியுள்ளது.

இம்மாற்றத்தின் நடுவழியில் நின்றவை திரைப்பட ரசிகர் மன்றங்களும் நெகிழிப் பதாகைகளும். கணினி அச்சு மலிவானபின் திருமணம், காதணி விழா, பிறந்தநாள் என எந்நிகழ்வுக்கும் தெருமுனையில் பதாகை எழுந்தது. மணமக்களின் படத்தைச் சுற்றி நண்பர்களின் முகங்கள் வரிசையாக அச்சிடப்பட்டன. வேலையோ பதவியோ வருவாயோ இன்னும் வாய்க்காத இளைஞனுக்குத் தன் ஊர்ச் சாலையில் தன் முகம் உயர்ந்து நிற்பது ஒரு தகுதிச் சான்றாகவே தோன்றியது. அச்சான்றுக்குச் சமூகம் கொடுத்த விலையும் சிறிதன்று. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், திருமண விழாவுக்காகச் சாலையில் வைக்கப்பட்ட பதாகை சரிந்ததில், இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயதுப் பெண் பொறியாளர் நிலைதடுமாறி விழுந்து லாரியில் சிக்கி உயிரிழந்தார்.

கல்லூரி மாணவரிடையே இவ்வேட்கை எவ்வாறு செயற்படுகிறது என்பதை அமெரிக்க மானிடவியலாளர் கான்ஸ்டன்டைன் நகாசிஸ் மதுரையிலும் சென்னையிலும் ஆராய்ந்து, ‘டூயிங் ஸ்டைல்’ என்னும் நூலாக 2016-இல் வெளியிட்டார். ஸ்டைல், கெத்து போன்ற சொற்களை மாணவர்கள் எவ்வாறு ஆள்கிறார்கள் என்பதை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது. வணிகச் சின்னம் பொறித்த சட்டை அசலா போலியா என்பது பெரும்பாலும் அவர்களுக்குப் பொருட்டன்று. வேறுபட்டுத் தோன்றுவதே நோக்கம். ஆனால், அவ்வேறுபாடு அளவு மீறினால் நண்பர் குழுவே அதைக் கேலி செய்து அடக்கிவிடும். சீன் போடுகிறான் என்னும் ஒரு சொல் போதும். முகம் அறிந்த நண்பர்களே கவனத்தைத் தந்தார்கள். அவர்களே அதற்கு வரம்பும் கட்டினார்கள்.

எண்ணிக்கையாக மாறிய மதிப்பு

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபின் இந்தியாவில் இணையத் தரவின் விலை வெகுவாகக் குறைந்தது. சிற்றூர்களுக்கும் காணொலி எட்டியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் நிறுவனம் ரீல்ஸ் என்னும் குறுங்காணொலி வசதியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. மேடை ஒன்று மூடப்பட்டவுடன் மற்றொன்று திறக்கப்பட்டது. ஆடியவர்கள் இடம் மாறினார்கள்.

இம்மாற்றத்தில் மிக முதன்மையானது எண்ணிக்கை. ஊரில் ஒருவருக்கு நல்ல பெயர் உண்டு என்றால் அது எவ்வளவு என்று எவராலும் அளந்து கூற இயலாது. 2009-இல் முகநூல் விருப்பக்குறியை அறிமுகப்படுத்தியபின் மதிப்புக்கு ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்தவுடன் ஒப்பீடு எளிதாயிற்று. ஒரே பெஞ்சில் அமரும் இரு தோழியரின் படங்களுக்குக் கிடைத்த விருப்பக்குறிகளை அவர்களும் வகுப்பினர் அனைவரும் காண முடிகிறது. நட்பில் இதுவரை இல்லாத தராசு ஒன்று நடுவில் வந்து நிற்கிறது. அதன் சுமையை நிறுவனங்களும் உணர்ந்தே உள்ளன. விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மறைக்கும் சோதனையை இன்ஸ்டாகிராம் 2019-இல் கனடாவில் தொடங்கியது. 2021-இல் மறைப்பதா வேண்டாவா என்னும் முடிவைப் பயன்படுத்துவோரிடமே விட்டது.

இரண்டாவது மாற்றம் வரம்பின்மை. சீன் போடுகிறான் என்று கூறித் தடுக்கும் நண்பர் குழுவின் இடத்தில் முகம் தெரியாத கூட்டம் அமர்ந்துள்ளது. அக்கூட்டம் மேலும் மேலும் வியப்பையே வேண்டுகிறது. நேற்றைய காணொலியைவிட இன்றையது விறுவிறுப்பாக இல்லையெனில் விரல் அடுத்ததற்குச் சென்றுவிடும். இருசக்கர வாகனச் சாகசங்கள் இவ்வாறே பெருகின. 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே சாகசம் செய்ய முயன்று விபத்துக்குள்ளான வலையொளியாளர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. அவரைப் போலவே ஓட்ட விரும்பிய சிறுவர்களுக்கு அத்தீர்வு எட்டியதா என்பது தனி வினா.

இதே மேடையில் வேறு வழியில் உயர்ந்தவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த உறவினர் குழு ஒன்று, முதியவர் ஒருவரின் தலைமையில் வயல்வெளியில் சமைப்பதைப் படமாக்கி ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் பெயரில் வெளியிட்டது. 2021-இல் அந்த அலைவரிசை ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்றது. அதே ஆண்டு கொரோனா நிவாரணப் பணிக்காக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அக்குழு 10 இலட்சம் ரூபாய் வழங்கியது. அங்கே முதலில் தெரிவது செயல், பின்னரே முகம். ஆகவே, கருவியை மட்டும் குற்றம் கூறி ஒதுங்கிவிட இயலாது.

யாருக்கு எவ்வளவு?

திறன்பேசி வைத்திருக்கும் எவரும் புகழ்பெறலாம். எனவே இது சமத்துவத்தின் காலம் என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. முன்பு மேடையேற அழைப்பு வேண்டும். இன்று அது வேண்டுவதில்லை. ஆனால், மேடையில் நிலைத்து நிற்கப் பிற மூலதனங்கள் வேண்டும். நல்ல ஒளிப்படக் கருவி, விலையுயர்ந்த உடை, பயணம், ஆங்கிலம் கலந்த சரளமான பேச்சு, தனியறை, ஓய்வு நேரம் ஆகியன உடையவருக்குக் கவனம் எளிதில் சேர்கிறது. பாவு தீர்வதற்குள் புடவையை முடித்துக் கொடுக்க வேண்டிய வீட்டில், ஊடைக்கு நூல் சுற்றித் தரும் மாணவிக்கு அந்நேரம் எங்கிருந்து வரும்?

2019–20-ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் கைத்தறித் தொழிலாளர் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் எனவும், அவர்களுள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் எனவும் காட்டியது. நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருவாய் 5000 ரூபாய்க்கும் குறைவு. உழைப்பில் முன்நிற்கும் பெண்களே வெளித்தெரிவதில் பின்தங்குகின்றனர். ஓர் இளைஞனின் காணொலி ஊரில் பெருமையாகப் பேசப்படும்போது, அதேபோன்ற காணொலி ஒரு பெண்ணுக்குப் பழியாக முடியக்கூடும். அவள் படம் களவாடப்படலாம், திரிக்கப்படலாம், அதைக் காரணம் காட்டிப் படிப்பே நிறுத்தப்படலாம். ஒரே அளவு கவனம் ஒருவருக்கு வரவாகவும் மற்றொருவருக்குச் செலவாகவும் எழுதப்படும் கணக்கைச் சமத்துவம் எனக் கூறுதல் பொருந்தாது.

கவனத்தின் ஏற்றத்தாழ்வு ஊர்களுக்கும் பொருந்தும். ஆரணியில் நெய்த புடவை வேறோர் ஊரின் பெயரால் விற்கப்படுவது நெடுநாளைய வழக்கம். பெயர் தெரிந்த ஊரின் பட்டுக்கு விலை மிகுதி என்பதே அதற்குக் காரணம். இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று புவிசார் குறியீடு. 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் ஆரணிப் பட்டும் அக்குறியீட்டைப் பெற்றுள்ளது. ஓர் ஊர் தன் பெயரால் அறியப்படுவது வெறும் விளம்பர ஆசையன்று. உழைப்புக்குரிய விலையைப் பெறும் உரிமை. தன் பெயரால் அறியப்பட விரும்பும் இளைஞரின் வேட்கையிலும் இத்தகைய உரிமையின் கூறு ஒன்று உண்டு.

இதை உணராமல், இக்காலப் பிள்ளைகள் தற்படத்திலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள் எனப் பெரியோர் கடிந்துகொள்வது முறையன்று. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கடன் வாங்கி ஆடம்பரத் திருமணம் நடத்தியவர்கள் பெரியோரே. பிறந்த குழந்தையின் படத்தை உலகறியப் பதிவிடுபவர்களும் அவர்களே. தேர்வில் முதலிடம் பெற்றவரின் முகத்தை மட்டும் பதாகையில் அச்சிட்டு, எஞ்சியோரைக் காணாததுபோல் கடந்துசெல்லும் பழக்கத்தையும் இளையோர் தொடங்கவில்லை. வீடும் பள்ளியும் ஒரு பிள்ளையை உரிய வகையில் கவனித்திருந்தால், அப்பிள்ளை முகம் தெரியாதவரின் விருப்பக்குறிக்காக நள்ளிரவு வரை காத்திருக்க நேராது.

கொடுத்துப் பெறும் கவனம்

நிலமும் பணமும் உடையவர் அவற்றைத் தம் கைவசம் வைத்திருக்க முடியும். பிறர் கவனமாகிய மூலதனமோ எப்போதும் பிறர் கண்களிலேயே உள்ளது. அவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டால் முதலும் இல்லை, வட்டியும் இல்லை. பல்லாயிரம் பேர் பின்தொடர்ந்த கணக்கு ஒரு செயலியின் தடையாலோ கணிப்புமுறையின் மாற்றத்தாலோ ஒரே நாளில் வெறுமையாகிவிடக்கூடும். கைத்தொழிலறிவும் கல்வியும் நற்பண்பும் அவ்வாறு ஒரே நாளில் பறிபோவதில்லை. கவனத்தை மட்டுமே சேர்த்தவர் பிறர் தயவில் வாழ்கிறார். திறனைச் சேர்த்து, அதன் வழியே கவனத்தைப் பெற்றவர், கவனம் விலகிய பின்னும் திறனுடன் எஞ்சி நிற்கிறார்.

திருக்குறளின் அதிகார வைப்பு இங்கு எண்ணத்தக்கது. புகழை விரும்புவதை வள்ளுவர் இழிவாகக் கருதவில்லை. அதற்கெனத் தனி அதிகாரமே அமைத்துள்ளார். ஆனால், அறத்துப்பாலில் ஈகை 23-ஆவது அதிகாரமாகவும் புகழ் அதனையடுத்த 24-ஆவது அதிகாரமாகவும் அமைந்துள்ளன. கொடுத்தல் முன்னே வர, பெறுதல் பின்னே வருகிறது. கவனத்துக்கும் இம்முறை பொருந்தும். தோழி பேசும்போது திரையைக் கவிழ்த்து வைத்துக் கேட்பது, மூத்தோர் தம் அனுபவத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பது, வகுப்பில் எவரும் அழைக்காத மாணவரைப் பெயர் சொல்லி அழைப்பது ஆகியனவும் ஈகையே. இவ்வீகைக்குச் செல்வம் வேண்டுவதில்லை. எவரும் கவனம் செலுத்தாத இடத்தில் எவருக்கும் கவனம் கிடைப்பதில்லை என்பதால், இதைக் கொடுப்பதே பெறுவதற்கும் வழியாகிறது.

செயலோடு சேர்ந்து முகமும் தெரிய வேண்டும் என்னும் நோக்கத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நல்லதொரு முன்மாதிரி உண்டு. 1935-இல் தொடங்கப்பட்ட கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ், சில ஆண்டுகளுக்கு முன் பட்டுப்புடவைகளுடன் அவற்றை நெய்தவரின் பெயரும் படமும் அடங்கிய அட்டையை இணைத்து விற்றது. வாங்குபவர் புடவையை விரிக்கும்போது அதை ஆக்கியவரின் முகத்தையும் கண்டார். அம்முகம் தன்னைக் காணுமாறு எவரையும் கெஞ்சவில்லை. நெய்த புடவையே அதற்குச் சான்றாக உடன் இருந்தது.

ஆரணியின் இளைஞர் ஒருவர் தம் வீட்டுத் தறியைப் படமெடுத்து உலகுக்குக் காட்டலாம். தாய் விழுது கட்டுவதையும், அறுந்த இழையை விரலால் தேடிப் பிணைப்பதையும் பதிவு செய்யலாம். அக்காணொலியைப் பத்துப் பேர் பார்க்கக்கூடும். பத்து இலட்சம் பேரும் பார்க்கக்கூடும். எண்ணிக்கை எதுவாயினும், அதை எடுப்பதற்காக அவர் தம் தாயின் கைகளை அதுவரை பாராத அளவுக்கு உற்றுப் பார்த்திருப்பார். அந்தப் பார்வையை எவ்வெண்ணாலும் அளக்க இயலாது. இளையோர் சமூகம் சேர்த்துக்கொள்ள வேண்டிய முதற்செல்வம் அதுவே.